புல்தரையில் பயறு

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவரிடம் ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியது. பயறு.

ஆஸ்பத்திரியில் முதல் சில நாட்கள் தொண்டையிலிருந்து வெறும் சத்தம்தான் வந்தது. பிறகு ஒரு காலை, ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்து, ஒரு எழுத்துகூடக் குழறாமல், "பயறு" என்றார். நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். பேச்சு திரும்பி வந்துவிட்டது என்று வராந்தாவுக்கு ஓடிப்போய் மகனுக்குப் போன் செய்தேன். சாயங்காலத்துக்குள் விஷயம் புரிந்துவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றாலும் பயறு, விளக்கை அணைக்க வேண்டுமென்றாலும் பயறு. உங்கள் பெயர் என்ன என்று டாக்டர் கேட்டதற்கும் பயறு. வலது கையும் வலது காலும் அசையவில்லை. இடது கையை ஆட்டி ஆட்டி அந்த ஒரே வார்த்தையைக் கோபமாக, கெஞ்சலாக, ரகசியமாக, சில நேரம் வேடிக்கையாகக்கூடச் சொன்னார்.

மலையாளம் பேசும் எங்கள் ஊரில் பயறு என்றால் முழ நீளத்துக்குத் தொங்கும் பச்சைக் காய். நறுக்கி வேகவைத்துத் தேங்காயெண்ணெயில் வதக்கினால் மெழுக்குபுரட்டி. அவருக்குப் பிடித்த கறிதான், ஆனால் உயிரை விடுகிற அளவுக்குப் பிடித்ததென்று சொல்ல முடியாது. தெரிந்திருந்த அத்தனை வார்த்தைகளில் அது மட்டும் ஏன் மிஞ்சியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பேச்சுதான் அவர் பிழைப்பாக இருந்தது. மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. நெய்யாற்றின்கரையிலிருந்து நாகர்கோவில் வரை டாக்டர்களின் அறை வாசலில் காத்திருந்து, உள்ளே விட்ட கொஞ்ச நேரத்தில் மலையாளமோ தமிழோ இங்கிலீஷோ அந்த டாக்டருக்கு எது சௌகரியமோ அதில் பேசி, அவரைச் சிரிக்க வைத்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்த பிறகும் பேச்சு நிற்காது. ஊருக்குள் ஸ்ரீவராகத்தில் அப்போது நாங்கள் இருந்த தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. அவர் காலையில் பேப்பரை வாய்விட்டுப் படித்தால் பக்கத்து வீட்டில் காபி குடித்துக்கொண்டே கேட்பார்கள். நான் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவள், காலையில் மூச்சு விட நேரமிருக்காது. அடுக்களையில் நின்றபடியே உலகச் செய்தியெல்லாம் தெரிந்துகொள்வேன். ஆயுசு முழுக்கப் பேப்பர் வாங்கிய வீட்டில் நான் பேப்பர் படித்ததே இல்லை.

இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகு ஊருக்கு வெளியே கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில் மகன் கட்டிய வில்லாவுக்குக் குடிவந்தோம். அவனுக்கு நெதர்லாந்தில் வேலை. என்றாவது திரும்பி வந்து இங்கே ஐ.டி. பார்க்கில் சேர்வதாகத் திட்டம். அதுவரை வீட்டைப் பார்த்துக்கொள்ள நாங்கள். ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாக நிற்கும் காலனி. முன்முற்றத்தை ஒரு லேண்ட்ஸ்கேப் கம்பெனி செய்து கொடுத்திருந்தது. கால் வைத்தால் மெத்தையாக அமுங்கும் மெக்சிகன் புல், சுவரோரம் காய்க்காத அலங்காரப் பனைகள், நடுவில் வளைந்து போகும் கல் பாதை, அதன் இருபுறமும் வெள்ளைக் கூழாங்கல். பார்க்க அழகுதான். ஆனால் பறிக்க ஒன்றும் கிடையாது. ஸ்வாமிக்குப் பூவும் ரசத்துக்குக் கறிவேப்பிலையும் கடையில்தான் வாங்க வேண்டும்.

கிரகப்பிரவேசத்தன்று அவர் மகனிடம், "இத்தனை எடத்தைப் புல்லுக்குக் குடுத்திருக்கியேடா. நாலு பயறு விதை ஊணியிருந்தா கொடி ஏத்தி விட்டிருப்பேன்" என்றார். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சும்மா பேச்சுக்குச் சொன்னது அது. அதன் பிறகு அந்தப் புல்லில் வெறுங்காலோடு நடப்பது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அந்தப் புல்லில்தான் விழுந்தார். காலையில் பேப்பர் எடுக்கப் போனவர். நான் உள்ளே மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். பேப்பர் படிக்கிற சத்தம் வரவில்லையே என்று எட்டிப் பார்த்தபோது, முகத்தை வீட்டுப் பக்கம் வைத்து ஒருக்களித்துக் கிடந்தார். கண் திறந்திருந்தது. எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தார், அப்போது அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த பிறகு, காலையில் காபி கொடுத்து அவரைச் சக்கர நாற்காலியில் வாசல் வராந்தாவில், சிட்அவுட்டில், உட்கார வைப்பேன். அங்கிருந்து முன்முற்றம் முழுக்கத் தெரியும். சற்று நேரத்தில் இடது கை எழும். புல்லைக் காட்டி, "பயறு" என்பார். நானும் அந்தப் பக்கம் பார்ப்பேன். புல்தான் இருக்கும். "பயறு, பயறு" என்று குரல் ஏறும். நான் பேப்பரைக் கொண்டுவந்து கொடுப்பேன். தள்ளிவிடுவார். வேஷ்டியைச் சரிசெய்வேன், நாற்காலியைத் திருப்புவேன், வெயில் படுகிறதோ என்று திரைச்சீலையை இறக்குவேன். ஒன்றும் சரியாக வராது. கடைசியில் கை தானாகத் தளர்ந்து மடியில் விழும். அந்தக் கை விழுகிறதைப் பார்க்க எனக்குச் சகிக்காது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். பாறசாலைக்காரி, தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள். அவளிடம் கேட்டேன்.

"அம்மா, சிலருக்கு இப்படி ஒரு வாக்கு மட்டும் மாட்டிக்கும். சார் மனசுல நினைக்கறது வேற எதாவதா இருக்கும், வாயில வர்றது இது மாத்திரம்தான். அதனால பயறுன்னா பயறுதான்னு எடுத்துக்க வேண்டாம், கேட்டோ."

"ஆமாவா இல்லையான்னு தலையாட்டச் சொல்லிக் கேட்டா?"

"கேக்கலாம். பட்சே இப்போ அவருக்கு அதும் மாறிப் போறது. ஆமான்னு நினைச்சிண்டு இல்லைன்னு ஆட்டிடறார். ஆட்டினப்புறம் அவருக்கே தேஷ்யம், கோபம் வர்றது, பாத்தேளோ? மெதுவாச் சரியாகும், அம்மா. எப்போன்னு சொல்ல முடியாது."

அவள் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் புரிந்ததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவருக்குக் கையைத் திருப்பிக் கொடுக்க என்னால் ஆகாது, பேச்சைக் கொடுக்க ஆகாது. தினமும் ஒரே இடத்தைக் காட்டி ஒரே பொருளைக் கேட்கிறார், அது கடையில் கிடைக்கும் சாதாரண விதை. கிரகப்பிரவேசத்தன்று சொன்னதும் ஞாபகம் வந்தது. மற்ற நேரங்களில் வேறு எதற்கோ பதிலாக அந்த வார்த்தை வந்தாலும், புல்லைக் காட்டிச் சொல்லும்போது மட்டும் பயறு பயறாகவே இருக்கலாம் இல்லையா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மகனுக்குப் போன் செய்தேன். அந்த முற்றம் அவன் படம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துச் செய்தது. வாசல் காமிரா வழியாக அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருப்பான். புல் மஞ்சளித்தால் எனக்கு முன்னால் அவனுக்குத் தெரியும். புல்லை எடுத்துவிட்டுப் பயறு போடப் போகிறேன் என்று சொன்னேன்.

"அப்பா கேக்கறாரா?"

"கேக்கறார்னுதான் நினைக்கறேன்."

"அப்போ செய்ம்மா. இங்கேருந்து நான் வேற என்ன பண்ணிட முடியும்?" என்றான். நாங்கள் இருவரும் வேறு ஏதோ பேசிப் போனை வைத்தோம்.

பக்கத்து மனையில் கட்டட வேலைக்கு வந்திருந்த ஒருவரைக் கூப்பிட்டேன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். "நான் கொத்தனாருக்குக் கையாளும்மா. தோட்ட வேல தெரியாது. தோண்டச் சொன்னா தோண்டுதேன்" என்றார். "எனக்கும் தெரியாது. தோண்டுங்கோ" என்றேன்.

மேல் புல் பாயாகச் சுருண்டு வந்தது. அதன் அடியில் கொஞ்சம் செம்மண். செம்மண்ணுக்கு அடியில் சாக்குத் துணி போல ஒரு கறுப்பு விரிப்பு, களை வராமலிருக்கக் கம்பெனிக்காரர்கள் போட்டது. அதைக் கிழித்துக் கடப்பாரையை இறக்கினால் ணங்கென்று சத்தம் கேட்டது. வீடு கட்டியபோது மிஞ்சியதெல்லாம் அங்கேதான் கிடந்தது. உடைந்த டைல்ஸ், மூட்டையோடு இறுகிப்போன சிமென்ட், கம்பித் துண்டுகள், பெயின்ட் டப்பா, ஒற்றைச் செருப்பு.

"மண்ணே இல்லியேம்மா. எல்லாத்தையும் உள்ள போட்டு மேல போர்வையப் போத்தியிருக்கானுவ" என்றார் அவர்.

தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் குப்பை மேடு ஏறியது. என் கணவர் சிட்அவுட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். புல் சுருளை இழுத்துப் போட்டபோது, "பயறு!" என்று சத்தம் போட்டார். "ஆமாம்ன்னா, அதுக்குத்தான் இதெல்லாம்" என்றேன். அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். சந்தோஷத்தில் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

குப்பை மேட்டைப் பார்த்துவிட்டுக் காலனி சங்கத்தின் செயலாளர் வந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மரியாதையான மனிதர். முன்பக்கம் எல்லா வீட்டிலும் புல்தரையாகவே இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் ஏற்பாடு, காய்கறி போடுவதானால் பின்பக்கம் போடலாமே என்று மலையாளத்தில் நிதானமாக எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. பின்பக்கம் போட்டால் என் கணவருக்குத் தெரியாது என்பதை எப்படி விளக்குவது என்று நான் யோசிப்பதற்குள், அவரே செயலாளரைக் கைகாட்டி அழைத்தார்.

செயலாளர் பக்கத்தில் போய்க் குனிந்தார். என் கணவர் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். டாக்டர்களிடம் பேசிய அதே நயம்தான். நடுவில் நிறுத்துவார், கண்ணைச் சுருக்குவார், குரலைத் தாழ்த்துவார், ஒரு விஷயத்தைப் படிப்படியாக விளக்கி முடிவுக்குக் கொண்டுவருவார். எல்லாம் அந்த ஒரு வார்த்தையில். "பயறு பயறு, பயறு. பயறு பயறு பயறு... பயறு?" கடைசிக் கேள்விக்குப் பதில் எதிர்பார்த்துச் செயலாளரின் முகத்தையே பார்த்தார்.

செயலாளர் கடைசிவரை நிமிரவில்லை. "ஷரி, சார்" என்றார். "ஷரி."

என்னைப் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். சங்கத்திலிருந்து அதன் பிறகு யாரும் வரவில்லை. எனக்கு ஏதோ காரியத்தை ஜெயித்துவிட்ட உணர்வு வரவில்லை. அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்சம் அழுதேன்.

லாரியில் மண் வந்தது. சாணிப்பொடியும் சுண்ணாம்பும் கலந்து பாத்தி எடுத்தோம். பயறோடு வெண்டை, கத்தரி, மிளகாய், சிவப்புக் கீரை. விதை ஊன்றும்போது அவரைப் பாத்தி அருகில் கொண்டுபோய், இடது கையில் சில விதைகளைக் கொடுத்தேன். விரல்களுக்கு நடுவே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கீழே போடத் தோன்றவில்லை. கடைசியில் நானே அவர் விரலைப் பிரித்து வாங்கி ஊன்றினேன்.

பிறகு வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. மேலே புது மண், கீழே இன்னும் எடுத்து முடியாத சிமென்ட். தண்ணீர் போக வழியில்லை. பாத்தி குளமாகி விதையெல்லாம் அழுகிப்போனது. குடையைப் பிடித்துக்கொண்டு மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டப் பார்த்தேன். வெட்டிய இடம் உடனே சரிந்து மூடியது. காமிராவில் பார்த்துவிட்டு மகன் போன் செய்தான். "அம்மா, வழுக்கி விழுந்துடப்போறே, உள்ளே போ. நீயும் விழுந்துட்டா என்ன பண்றது?" அவன் அங்கிருந்து கெஞ்சிக்கொண்டிருக்க, நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சேற்றில் நின்றேன்.

மழை விட்டதும் மறுபடி விதைத்தேன். இந்த முறை முளை வந்தது. இரண்டு இலை விட்டு, மூன்றாவது இலையும் விட்டது. அவரை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போய்க் காட்டினேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பயறில் இலை ஒன்றுகூட இல்லை. ஈர்க்குச்சி போலத் தண்டுகள் மட்டும் நின்றன. பாத்தி முழுவதும் வெயிலில் மினுங்கும் வழவழப்பான கோடுகள்.

அடுத்த வீட்டில் குடியிருக்கும் பெண் மென்பொருள் கம்பெனியில் வேலை செய்பவள். ஆபீஸ் வண்டிக்குக் காத்திருந்தவள் எங்கள் சுவரைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "அய்யோ, ஆன்ட்டி! ஆப்பிரிக்கன் ஒச்சு! கையால தொடண்டா, ஆன்ட்டி, அசுகம் வரும்!"

ஒச்சு என்று மலையாளத்தில் சொல்வது நத்தையை. சிறுவயதில் பார்த்த சின்ன நத்தை இல்லை இது. உள்ளங்கை அகலத்துக்கு ஓடு. பின்னாலிருந்த காலி மனையிலிருந்து சுவர் ஏறிக் கூட்டமாக வந்திருந்தது. இலை, பூ, சுவரில் அடித்த சுண்ணாம்பு எதையும் விடாது என்றாள் அவள். புல்தரையாக இருந்தபோது மருந்து அடிக்க ஆள் வந்துகொண்டிருந்ததால் அது எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை. இப்போது நான் விருந்து வைத்திருந்தேன்.

எல்லோரும் ஒரே வழியைத்தான் சொன்னார்கள். நனைத்த சாக்கில் பப்பாளி இலையும் முட்டைக்கோஸும் வைத்தால் வந்து மொய்க்கும். விடியற்காலையில் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட வேண்டும். எங்கள் வீட்டில் கரப்பான் பூச்சியை அடிப்பதற்குக்கூட அவரைத்தான் கூப்பிடுவேன். இப்போது கையுறை மாட்டிக்கொண்டு நானே பொறுக்கினேன். உப்புத் தண்ணீரில் விழுந்ததும் நுரைத்துக்கொண்டு ஒரு சத்தம் வரும். பக்கெட்டை மூடிவிட்டு, கேட்காத தூரத்தில் போய் நிற்பேன். அவர் சிட்அவுட்டிலிருந்து பார்ப்பார். "பயறு" என்று மெல்லச் சொல்வார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாவம் செய்கிறாயே என்றாரோ, பாவம் நீ என்றாரோ.

எவ்வளவு பொறுக்கினாலும் மறுநாள் அவ்வளவு வந்தது. நடுவில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு திணற, திரும்பவும் ஆஸ்பத்திரி. அங்கே ஜன்னலில் மழையைப் பார்த்தபடி, ஒரு பக்கம் அவர் மூச்சை எண்ணிக்கொண்டும் இன்னொரு பக்கம் வீட்டில் செடிகள் என்ன ஆயிற்றோ என்று நினைத்துக்கொண்டும் இருந்தேன். இந்த நேரத்தில் செடியா என்று வெட்கமாகவும் இருந்தது. திரும்பி வந்தபோது கத்தரியும் மிளகாயும் கீரையும் போயிருந்தன. ஒரே ஒரு வெண்டைச் செடி, எப்படியோ, தொடாமல் நின்றது.

விட்டுவிடலாமென்றுதான் நினைத்தேன். புல்லையே திரும்பப் போட்டுக்கொடுக்கும்படி அந்தக் கம்பெனிக்குச் சொல்லலாமா என்றுகூட மகனிடம் கேட்டேன். ஆனால் காலையில் நாற்காலியை வெளியே கொண்டுபோனதும் இடது கை வழக்கம்போல எழும். மொட்டையான பாத்தியைக் காட்டி, அதே வார்த்தை.

ஓணம் கழிந்து வெயில் வந்ததும் மறுபடி விதைத்தேன். பாத்தியைச் சுற்றிச் சாம்பலும், மேலே பட்டால் பொசுக்கும் புதுச் சுண்ணாம்புப் பொடியும் கோடு போட்டேன். ஈரம் குறைந்ததால் நத்தையும் குறைந்தது. முளை தப்பியது. கொடி வீசத் தொடங்கியதும் அலங்காரப் பனைகளுக்கு நடுவே கயிறு கட்டிப் பந்தலாக்கினேன். அந்தப் பனைகள் எதற்காவது உதவியது அப்போதுதான். ஊதாப் பூ வந்தது. பூ உதிர்ந்த இடத்தில் பச்சை நூலாக ஒன்று தொங்கியது. பிறகு எங்கு பார்த்தாலும் காய்.

முதல் பறிப்பன்று அவரைக் குளிப்பாட்டி, வெளுத்த சட்டை போட்டு, சிட்அவுட்டில் உட்காரவைத்தேன். ஒரு கை நிறையப் பறித்து வந்து அவர் மடியில் வைத்தேன். பனி ஈரம்கூடக் காயாத காய்.

"இதோ பாருங்கோ. பயறு. நம்ம முற்றத்துப் பயறு."

ஒன்றை எடுத்தார். நீளத்தைப் பார்த்தார், முகர்ந்தார். முகத்தில் சின்னச் சிரிப்பு வந்தது. அவர் அதை மடியில் திரும்ப வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார். முற்றத்தைக் காட்டினார்.

"பயறு."

அதே குரல். அதே அவசரம். ஒரு துளி மாறவில்லை.

"இதுதானே, இதைத்தானே கேட்டேள்?" என்று காயை எடுத்துக் காட்டினேன்.

"பயறு! பயறு!" அவர் கையால் எல்லாவற்றையும் தட்டிவிட்டார். காய்கள் படியில் சிதறின. இல்லை, இது இல்லை என்பதைச் சொல்லத் தலையாட்டல்கூடத் தேவைப்படவில்லை.

நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டேன். "என்ன வேணும், சொல்லுங்கோ. வாசல் கேட்டா? பேப்பரா? புல்லா, புல்லு போயிடுத்தேன்னு சொல்றேளா? அங்கே நடக்கணுமா? விழுந்தேளே, அதைப் பத்தியா? நம்ம பிள்ளை வரணுமா? ஊருக்குப் போகணுமா, ஸ்ரீவராகத்துக்கு?" வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் அவர் என் உதட்டையே பார்த்தார், அடுத்ததாவது அதுவாக இருக்குமோ என்று. நான் வார்த்தை தீர்ந்து நின்றுபோனேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கத் தூக்கிய கை பாதியில் நின்று, என் தலைமேல் வந்து விழுந்தது. அது தடவுவதற்கா, தள்ளுவதற்கா என்று தெரியவில்லை. கனமாக இருந்தது.

மத்தியானம் அந்தப் பயறை மெழுக்குபுரட்டி செய்தேன். நன்றாகச் சாப்பிட்டார், இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத்தான் இறங்கவில்லை.

மகன் விடுப்பில் வந்தான். பந்தலாகத் தொங்கும் தன் முற்றத்தைப் பார்த்தான். என்னைக் கட்டிக்கொண்டு, "நல்லா வந்திருக்கும்மா" என்றான். வந்த மறுநாளே அவனும் தொடங்கிவிட்டான். அப்பா கைகாட்டும் திசையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவான், நிறுத்துவான். "இங்கேயாப்பா? இன்னும் தள்ளியா?" கேட்டுவரை போனார்கள், சுவர்வரை போனார்கள். போன இடத்திலிருந்து அவர் கை வேறொரு திசையைக் காட்டியது. ஒரு தடவை தான் வந்த திசையையே, சிட்அவுட்டையே காட்டியது. போனில் படங்கள் காட்டும் ஏதோ செயலியைப் போட்டுக் காட்டினான். வீடு, கார், டாக்டர், கோயில், பசி, வலி. அவர் ஒவ்வொரு படத்தையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு மகனின் கன்னத்தைத் தொட்டார்.

ஒரு சாயங்காலம் அவன் பாத்திக்கு நடுவே முழங்காலிட்டு உட்கார்ந்து, "அப்பா, அன்னிக்கு இங்கே விழுந்தப்போ நடந்ததைச் சொல்றேளா? யாரையாவது கூப்பிட்டேளா? யாரும் வரலையா?" என்று கேட்டான். நான் கொடி மறைவில் காய் பறித்துக்கொண்டிருந்தேன். கையை நிறுத்தினேன். அவர் ஆமென்று தலையாட்டினார். உடனே இல்லையென்றும் ஆட்டினார். மகன் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் பெரிய கம்பெனியில் எத்தனையோ பேரை வேலை வாங்குகிறவன். நான் காயைத் தரையில் வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது அவன் சொன்னான்: "அவர் எதைக் கேட்டாலும் குடுக்கணும்னு தோண்றதும்மா. என்ன கேக்கறார்ங்கறதே தெரியலையே." காரில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கி, "தோட்டத்தை எடுக்க வேண்டாம். இருக்கட்டும்" என்றான்.

இருக்கிறது. அந்த மழைக்காலத்துக்குப் பிறகு இன்னொன்றும் வந்து போனது. நத்தையும் வந்தது. பாதி எனக்கு, பாதி அதற்கு என்று போகிறது. ஒரு பருவத்தில் வெண்டை நன்றாகக் காய்க்கிறது, இன்னொன்றில் எதுவுமே தேறுவதில்லை. இரண்டுக்கும் காரணம் எனக்குத் தெரியவில்லை. பேச்சுப் பயிற்சிப் பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். அதற்கு முன் அவரைப் பாட வைத்துப் பார்த்தாள், எண்ண வைத்துப் பார்த்தாள். எண்ணும்போது மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று தெளிவாக வருகிறது, நிறுத்தினால் மறுபடி பயறுதான். டாக்டர் இனி எதிர்பார்க்க வேண்டாமென்று நேராகச் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

கேள்வி கேட்பதை நான் விட்டுவிட்டேன். அவருக்கும் அதில் அலுப்பு வந்திருக்க வேண்டும். போன வாரம் ஒரு சாயங்காலம் நான் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது கையைத் தூக்கினார். வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் அசைத்தார். நான் எழுந்து ஓரடி வலப்பக்கம் நகர்ந்தேன். கை இன்னும் அசைந்தது. இன்னும் நகர்ந்தேன். போதாது என்பது போல விரலை மடக்கினார். கீரைப் பாத்தியைத் தாண்டி, புதிதாக வைத்த கறிவேப்பிலைக் கன்றுக்குப் பக்கத்தில் போய் நின்றதும் கை அப்படியே நின்றது. அங்கே ஒன்றுமில்லை. மிதித்து இறுகிய மண்தான்.

நான் அங்கேயே நின்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூறல் போட ஆரம்பித்தது. "நனையறேன், உள்ளே வரட்டுமா?" என்றேன். அவர் கையை இறக்கவில்லை. கையிலிருந்த களையைக் கீழே போட்டுவிட்டு, புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, அவர் கையை இறக்கும்வரை நிற்பதென்று நின்றேன்.